எண்ணெய்க் குதத்தின் சாவியைக் கேட்ட எழுதுவினைஞர்: ரி.பி. இலங்கரத்ன

பண்ணைப் பாலத்தின் வழியே யாழ்ப்பாண நகரை விட்டுத் தீவகம் நோக்கிச் செல்வோருக்கு முதலில் தென்படும் தீவு மண்டைதீவு. அதற்கு அப்பால், படகேறிச் சேரவேண்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் வழங்கும் சிறியதொரு திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. தமிழகக் கரைக்கு அண்மையில் சீனாவின் கால் பதிவதை இந்தியா எதிர்த்தது. அவ்வாண்டின் இறுதியில் சீனா திட்டத்தை இடைநிறுத்தியது. 2022 மார்ச்சில் அதே திட்டத்தை ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் டொலர் மானியத்துடன் நிறைவேற்றித்தர இந்தியா முன்வந்து ஒப்பமிட்டது. டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருக்கும் தீவுவாசிகளின் விளக்கு எவரால் எரியவேண்டும் என்பது, அவர்களைக் கேளாமலே, இரண்டு வல்லரசுகளுக்கிடையிலான வினாவாயிற்று.

இது புதிய கதையன்று. சொந்தமாக ஒரு துளி எண்ணெயும் எடுக்காத இந்நாடு, எண்ணெயின் பொருட்டே உலகின் மிகப்பெரிய வல்லரசின் தண்டனைக்கு உள்ளான காலமொன்று உண்டு. அந்த நிகழ்வின் நடுவில் நின்றவர் ரி.பி. இலங்கரத்ன. சிங்கள வாசகர்கள் அவரைச் சிறுவர் நாவலாசிரியராகவும், தொழிலாளர்கள் ஊழியர் சேமலாப நிதியின் தந்தையாகவும் நினைவுகூருகின்றனர். வெளிநாட்டுக் கொள்கையின் வரலாற்றில் அவருக்குரிய இடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தமிழ் வாசகர்களுக்கோ அவருடைய வாழ்க்கையை எடைபோட வேறொரு நியாயமும் இருக்கின்றது.

திக்கிரி பண்டா இலங்கரத்ன 1913 இல் கண்டி மாவட்டத்தின் ஹத்தரலியத்தவில் பிறந்தார். நிலவுடைமைப் பெருங்குடும்பங்களும் ஆங்கிலேயப் பல்கலைக்கழகங்களில் பயின்ற சட்டத்தரணிகளுமே அரசியலை ஆண்ட காலத்தில், அவர் அரசாங்க எழுதுவினைஞராக வாழ்க்கையைத் தொடங்கியவர். கோப்புகளுக்கும் கணக்குப் பதிவேடுகளுக்கும் இடையே பழகிய அந்த ஆண்டுகள் அவரது பிற்கால அரசியலின் இயல்பைத் தீர்மானித்தன எனலாம். தத்துவ விவாதங்களைவிட வரவு செலவுக் கணக்கே அவருக்கு நெருக்கமானதாக இருந்தது.

அவரைப் பொதுவாழ்வுக்குக் கொண்டுவந்தது 1947 ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம். அரசாங்க எழுதுவினைஞர் சேவைச் சங்கத்தின் தலைவராக அவர் அதில் முன்னின்றார். அவ்வாண்டு ஜூன் 5 ஆம் திகதி கொலன்னாவப் பகுதியிலிருந்து தெமட்டகொடை நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மீது பொலிஸார் சுட்டனர். உயிரிழந்தவர் வி. கந்தசாமி என்னும் தமிழ் எழுதுவினைஞர். சிங்களத் தலைவரின் கீழ் இயங்கிய சங்கமொன்றின் போராட்டத்தில் ஒரு தமிழர் தியாகியானார் என்பதை அன்று எவரும் வியப்பாகக் கருதவில்லை. அந்தச் சேவையில் இரு இனத்தவரும் அருகருகே அமர்ந்து பணிபுரிந்தனர். தீவகத்திலும் குடாநாட்டிலும் படித்த இளைஞர் பலருக்கு அரச எழுதுவினைஞர் பதவியே வாழ்வின் இலக்காக இருந்த காலம் அது.

வேலைநிறுத்தத்தின் விளைவாகப் பதவியை இழந்த இலங்கரத்ன, 1948 இல் கண்டித் தொகுதி இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். தேர்தல் மனுவொன்றினால் அந்த ஆசனம் பறிபோனபோது அவருடைய மனைவி தமரா குமாரி அங்கு போட்டியிட்டு வென்றார். பின்னர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சியில் இணைந்த அவர், 1956 இல் அமைந்த அரசாங்கத்தில் தொழில், வீடமைப்பு, சமூக சேவைகள் அமைச்சரானார். தனியார் துறை ஊழியர்களுக்கு முதுமைக் காலப் பாதுகாப்பை அளித்த 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அவரது அமைச்சின் சாதனை. இன்றும் இந்நாட்டுத் தொழிலாளர் ஒவ்வொருவரின் சம்பளப் பட்டியலிலும் அவரது கையெழுத்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றது.

ஆனால் அதே அமைச்சரவைதான் 1956 இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டத்தைக் கொண்டுவந்தது. கந்தசாமியோடு ஊர்வலம் சென்ற தமிழ் எழுதுவினைஞர்கள் தம் மேசையிலேயே அந்நியராகும் நிலையை அச்சட்டம் உருவாக்கியது. அவர்களுடைய தலைவராக இருந்தவர் அந்த அமைச்சரவையில் தொடர்ந்து இருந்தார். அவரது வாழ்க்கையை எழுதும் எவரும் இதைக் கடந்துசெல்ல முடியாது.

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதலாவது பெண் பிரதமரானபோது, இலங்கரத்னவிடம் வர்த்தக, உணவு, கப்பற்றுறை அமைச்சு ஒப்படைக்கப்பட்டது. தேயிலை, இறப்பர் ஏற்றுமதியால் ஈட்டிய அந்நியச் செலாவணிக் கையிருப்பு அப்போது வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. இறக்குமதிப் பட்டியலில் எரிபொருள் பெருந்தொகையை விழுங்கியது. அதன் இறக்குமதி, சேமிப்பு, விநியோகம் யாவும் மூன்று வெளிநாட்டு நிறுவனங்களின் பிடியில் இருந்தன. பிரித்தானிய, ஒல்லாந்து முதலீட்டிலான ஷெல், அமெரிக்காவின் எஸ்ஸோ, கல்ரெக்ஸ் என்பனவே அவை. எங்கிருந்து எண்ணெய் வாங்குவது, என்ன விலைக்கு விற்பது, இலாபத்தில் எவ்வளவை வெளியே கொண்டுசெல்வது என்பவற்றைக் கொழும்பில் அமர்ந்திருந்த அரசாங்கம் தீர்மானிக்கவில்லை.

அன்றைய உலக நிலைமையையும் கவனிக்கவேண்டும். 1951 இல் ஈரானில் எண்ணெய்த் தொழிலை மொசாடெக் தேசியமயமாக்கியதும், இரண்டு ஆண்டுகளில் பிரித்தானிய, அமெரிக்க உளவுத்துறைகளின் துணையுடன் அவர் வீழ்த்தப்பட்டதும் ஆசியத் தலைவர்கள் எவரும் மறக்காத பாடம். 1956 இல் சுயஸ் கால்வாய்க்காகப் போரே மூண்டது. 1960 இல் சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்த வெளிநாட்டு நிறுவனங்களை கியூபா கையகப்படுத்தியது. அதே ஆண்டில் இந்தியாவில் அமைச்சர் கே.டி. மாளவியா, மலிவான சோவியத் எண்ணெயைக் காட்டி நிறுவனங்களை விலை குறைக்கச் செய்தார். எண்ணெய் உற்பத்தி நாடுகளைக் கேளாமலே நிறுவனங்கள் விலையைக் குறைத்ததனால், 1960 செப்டெம்பரில் பக்தாத்தில் ஒபெக் அமைப்பு பிறந்தது.

சோவியத் ஒன்றியம் அந்நாட்களில் தன் எண்ணெய்க்குச் சந்தை தேடிக்கொண்டிருந்தது. நிறுவனங்களின் விலையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மலிவாக விற்கவும், தேயிலையையும் இறப்பரையும் வாங்கிக் கணக்கை நேர்செய்யவும் அது ஆயத்தமாக இருந்தது. இதை வெறும் நல்லெண்ணமாகக் கருதுவது பேதைமை. மேற்குலகின் எண்ணெய் ஆதிக்கத்தை உடைப்பதும், புதிதாய் விடுதலை பெற்ற நாடுகளில் காலூன்றுவதும் மொஸ்கோவின் நோக்கங்களாக இருந்தன. இலங்கரத்ன அதனை அறியாதவர் அல்லர். வல்லரசுகள் போட்டியிடும்போது சிறிய நாட்டுக்கு ஒரு சிறு இடைவெளி திறக்கின்றது என்பதும், அந்த இடைவெளி நெடுநாள் திறந்திராது என்பதும் அவருடைய கணிப்பு. 1952 இல் சீனாவுடன் இறப்பர், அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டமைக்காக அமெரிக்க உதவி மறுக்கப்பட்டதையும், அதனால் நாடு அழிந்துவிடாததையும் அவரது தலைமுறை கண்டிருந்தது.

1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது. அதே ஆண்டில் மக்கள் வங்கியும் அவரது முயற்சியால் தோன்றியது. 1962 இல் மூன்று நிறுவனங்களின் எரிபொருள் நிலையங்களிலும் சேமிப்பு வசதிகளிலும் ஒரு பகுதியைக் கூட்டுத்தாபனம் பொறுப்பேற்று, சோவியத் ஒன்றியம் உள்ளிட்ட நாடுகளிலிருந்து எண்ணெய் தருவித்து விற்கத் தொடங்கியது. நிறுவனங்கள் முற்றாக வெளியேற்றப்படவில்லை. நட்டஈடு மறுக்கப்படவுமில்லை. எவ்வாறு கணக்கிடுவது என்பதிலேயே பிணக்கு மூண்டது. சொத்துகளின் தேய்மானம் கழித்த பெறுமதியை வழங்க அரசாங்கம் முன்வந்தது. வியாபாரத்தின் நற்பெயர், எதிர்கால வருவாய் ஆகியவற்றுக்கும் விலை வேண்டும் என நிறுவனங்கள் வற்புறுத்தின.

இங்கேதான் ஒரு வணிகப் பிணக்கு சர்வதேசப் பிரச்சினையாக உருமாறியது. 1962 இல் பிரேசில் மாநிலமொன்று அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமொன்றைக் கையகப்படுத்தியதால் சினமுற்ற அமெரிக்கக் காங்கிரஸ், செனட்டர் ஹிக்கன்லூப்பரின் பெயரால் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. அமெரிக்கரின் சொத்தைக் கையகப்படுத்தும் நாடு ஆறு மாதங்களுக்குள் உரிய நட்டஈட்டுக்கு நடவடிக்கை எடுக்காவிடின், அந்நாட்டுக்கான உதவியை நிறுத்துமாறு அது ஜனாதிபதியைக் கட்டாயப்படுத்தியது. பிரேசிலை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அந்தச் சட்டம் முதன்முதலாகப் பாய்ந்தது இலங்கைமீது. 1963 பெப்ரவரியில் கென்னடி நிர்வாகம் இலங்கைக்கான உதவியை நிறுத்தியது.

இலங்கையின் எண்ணெய்ச் சந்தை உலகக் கணக்கில் ஒரு துளி. அந்நிறுவனங்களின் இலாப நட்டத்தில் அது ஒரு வரியைக்கூட மாற்றியிராது. ஆயினும் அவை பணியாமைக்கும் வொஷிங்டன் தன் சட்டத்தைப் பிரயோகித்தமைக்கும் காரணம், இழந்த சொத்தின் பெறுமதியன்று. கொழும்பு தப்பிவிட்டால் நாளை இன்னொரு தலைநகர் அதைப் பின்பற்றும் என்ற அச்சமே அது. முன்னுதாரணமே தண்டிக்கப்பட்டது. சீனாவும் இந்தியாவும் எல்லைப் போரில் மோதிய 1962 இன் இறுதியில், இரு தரப்பையும் சமாதானப்படுத்த அணிசேரா நாடுகளைக் கொழும்பில் கூட்டிய அரசாங்கம் இதுவே என்பதும், அணிசேராமையை மேற்குலகம் ஐயத்துடனேயே நோக்கியது என்பதும் கவனத்திற்குரியன. அப்போது கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதுவர் பிரான்சிஸ் வில்லிஸும் ஒரு பெண்மணியே. தனிமனிதரின் இணக்கமும் பிணக்கும் இப்பூசலின் போக்கை மாற்றியிருக்க முடியாது. அதன் வேர் நலன்களில் இருந்தது.

அழுத்தம் கூடியபோது அரசாங்கம் பின்வாங்கவில்லை. 1963 இல் சட்டத்தைத் திருத்தி, 1964 ஜனவரி முதல் எரிபொருள் இறக்குமதியையும் விநியோகத்தையும் முழுமையாகக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்தது. நிதியமைச்சராகவும் 1963 முதல் 1964 வரை சிறிதுகாலம் பதவி வகித்த இலங்கரத்னவின் அரசியல் வாழ்வின் உச்சம் இக்காலமே. ஆனால் 1964 டிசம்பரில் வேறொரு விவகாரத்தில், பத்திரிகை நிறுவனமொன்றைக் கையகப்படுத்தும் முயற்சியின் பின்னணியில், அரசாங்கம் ஒரேயொரு வாக்கினால் தோற்றது. 1965 மார்ச் தேர்தலில் டட்லி சேனாநாயக்க ஆட்சிக்கு வந்தார். சில மாதங்களில் ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ரூபாய் நட்டஈட்டுக்கு உடன்பாடு கண்டு, அமெரிக்க உதவியை அவர் மீளப்பெற்றார்.

எனினும் டட்லி சேனாநாயக்க கூட்டுத்தாபனத்தைக் கலைக்கவில்லை. நிறுவனங்களைத் திருப்பி அழைக்கவுமில்லை. மாறாக, அவருடைய ஆட்சியிலேயே, 1969 இல், இத்தாலிய நிறுவனமொன்று அமைத்த சபுகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. இலங்கரத்ன நட்ட மரத்துக்கு அவரது எதிராளி நீரூற்றினார். ஒரு கொள்கை நாட்டின் நலனுக்கு உகந்ததா என்பதற்கு, அதை எதிர்த்தோர் பதவிக்கு வந்தபின் அதனை என்ன செய்தார்கள் என்பதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

ஆனால் அந்தச் சுத்திகரிப்பு நிலையமே இன்னொரு உண்மையையும் சொல்லிற்று. அது ஈரானின் மசகு எண்ணெய்க்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது. நான்கு தசாப்தங்களின் பின்னர், 2012 இல், ஈரான்மீது அமெரிக்கா விதித்த தடைகள் இறுகியபோது, அந்த வடிவமைப்பே இலங்கைக்குப் பெருஞ்சிக்கலாயிற்று. அக்காலத்தில் வாங்கிய ஈரானிய எண்ணெய்க்கான ஏறத்தாழ 25 கோடி டொலர் கடனைத் தேயிலையால் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு காணவேண்டியதாயிற்று. எண்ணெயைத் தேயிலையால் வாங்குவது என்ற அறுபதுகளின் எண்ணம், துணிவின் அடையாளமாக அன்றி நிர்ப்பந்தத்தின் விளைவாகத் திரும்பி வந்தது.

1970 இல் சிறிமாவோ மீண்டும் பிரதமரானபோது இலங்கரத்ன வர்த்தக அமைச்சராகத் திரும்பினார். இம்முறை அவர் நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்திய தொகுதி கொலன்னாவ. நாட்டின் பிரதான எண்ணெய்க் குதங்கள் அமைந்த இடம் அதுவே. 1947 இல் அவரது சங்கத் தோழர் கந்தசாமி உயிர்நீத்த ஊர்வலம் புறப்பட்ட இடமும் அதுவே. இந்த ஆட்சிக்காலத்தில் எண்ணெய்த் தேடல் எம்முடைய கடலுக்கே வந்தது. மன்னார்த் தீவின் பேசாலையில் சோவியத் உதவியுடன் கிணறுகள் துளையிடப்பட்டன. 1974 இல் பாக்கு நீரிணையில் இந்தியாவுடனான கடல் எல்லை வரையறுக்கப்பட்டு கச்சதீவு இலங்கையின் பக்கம் வந்தது. 1976 அளவில் மரதன் என்னும் அமெரிக்க நிறுவனம் அக்கடற்பரப்பில் துளையிட்ட கிணறுகளுள் ஒன்று நெடுந்தீவின் பெயரையே தாங்கியிருந்தது. வணிக அளவில் எண்ணெய் எங்கும் கிடைக்கவில்லை. முதலில் சோவியத் பொறியியலாளரும் அடுத்து அமெரிக்க நிறுவனமும் ஒரே கடலைத் துளைத்துப் பார்த்தமை, வெளிநாட்டுக் கொள்கையில் நிரந்தர நண்பரும் பகைவரும் இல்லை என்பதற்குத் தீவகத்தின் அருகிலேயே கிடைத்த சான்று.

1977 தேர்தலில் சுதந்திரக் கட்சி படுதோல்வியுற்றதோடு இலங்கரத்னவின் அமைச்சர் வாழ்வும் முடிந்தது. எழுத்து அவரைக் கைவிடவில்லை. வறிய சிறுவனுக்கும் செல்வர் வீட்டுச் சிறுவனுக்கும் இடையிலான நட்பைச் சொல்லும் அம்ப யஹலுவோ என்ற அவரது நாவல் தலைமுறை தலைமுறையாகச் சிங்களச் சிறுவர்களால் வாசிக்கப்பட்டு வருகின்றது. 1992 இல் அவர் காலமானார்.

அவர் மறைந்த ஆண்டில் வடபகுதி எவ்வாறு இருந்தது என்பதை நம்மவருக்கு நினைவூட்டத் தேவையில்லை. 1990 ஆகஸ்டில் படையினர் தீவகத்தில் இறங்கியபோது மண்டைதீவு மக்கள் வீடு வாசல் விட்டு இடம்பெயர்ந்தனர். பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருள் குடாநாட்டுக்கு வருவது கட்டுப்படுத்தப்பட்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரியிட்டுச் சொட்டு மண்ணெண்ணெயில் பிள்ளைகள் படித்தனர். வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து மக்களுக்காக மீட்கப்பட்ட எண்ணெய், அந்த மக்களுள் ஒரு பகுதியினருக்கு எதிரான ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்டது. ஹிக்கன்லூப்பர் திருத்தம் கொழும்புக்குச் செய்ததைக் கொழும்பு யாழ்ப்பாணத்துக்கு மிகக் கடுமையாகச் செய்தது என்று கூறினால் அது மிகையாகாது. இதற்கு இலங்கரத்னவைப் பொறுப்பாக்குவது நியாயமன்று. ஆயினும் தேசியமயம் என்ற சொல்லில் தேசியம் யாருடையது என்ற கேள்வியை 1956 இலும் 1961 இலும் அவரது அரசாங்கங்கள் எழுப்பவில்லை. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்த அதே 1961 இல்தான் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் அவசரகாலச் சட்டத்தால் ஒடுக்கப்பட்டது. வெளியே வல்லரசுக்குத் தலைவணங்காத அரசு, உள்ளே தன் குடிமக்களுடன் பேசத் தவறியது. வெளியாருக்கு வாயில் திறந்துவிட்டது அந்தத் தவறே. 1987 இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலை எண்ணெய்க் குதங்களும் இடம்பெற்றமை தற்செயலானதன்று.

2003 இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் வருகையோடு கூட்டுத்தாபனத்தின் ஏகபோகம் முடிவுற்றது. 2022 இல் டொலர் வற்றியபோது எரிபொருளுக்காக இந்தியாவின் 50 கோடி டொலர் கடனும், மூடிக்கிடந்த சபுகஸ்கந்தையை இயக்க ரஷ்ய மசகு எண்ணெயும் தேவைப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. மண்டைதீவிலும் ஊர்காவற்றுறையிலும் மண்ணெண்ணெய் இயந்திரப் படகுகளில் தொழிலுக்குச் செல்லும் கடற்றொழிலாளரே அந்த விலையின் முழுச் சுமையையும் தாங்கினர். 2023 இல் சீனாவின் சினோபெக் சில்லறை விற்பனைக்குள் நுழைந்தது. ஷெல் நிறுவனத்தின் பெயருடன் இணைந்த அமெரிக்க நிறுவனமொன்றும் அதே ஆண்டில் ஒப்பந்தம் செய்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய பெயர் மீண்டும் வந்தது.

அப்படியாயின் இலங்கரத்ன தோற்றுவிட்டாரா? அவ்வாறு முடிவுகட்டுவது எளிது, ஆனால் சரியன்று. எவரிடம் எவ்விலைக்கு வாங்குவது என்பதை ஒரு சிறிய நாடு தானே தீர்மானிக்கலாம் என்பதை அவர் நிறுவினார். அதன் விலையையும் நாடு செலுத்தியது. ஆனால் எண்ணெய்க் குதத்தின் சாவி கைமாறுவது மட்டும் விடுதலையாகாது. வெளிநாட்டு நிறுவனத்தின் இடத்தில் நட்டத்தில் ஓடும் அரச நிறுவனமும், ஒரு வல்லரசின் இடத்தில் இன்னொரு வல்லரசும் அமர்ந்தால் சார்புநிலை தொடர்கின்றது. பல வாயில்களைத் திறந்துவைத்து எந்த ஒன்றுக்கும் அடிமையாகாமல் இருப்பதற்கு இரண்டு தகுதிகள் வேண்டும். கணக்கு நேராக இருத்தல் ஒன்று. உள்வீட்டில் அனைவரும் பங்காளிகளாக இருத்தல் மற்றையது. முதலாவதை அந்த எழுதுவினைஞர் நன்கு அறிந்திருந்தார். இரண்டாவது, 1947 இன் ஊர்வலத்தில் அவர் கண்முன் இருந்தது. பின்னர் கைநழுவிப் போனது.

இன்று எண்ணெயின் இடத்தைச் சூரியனும் காற்றும் மெல்ல மெல்லப் பெற்று வருகின்றன. அவற்றுக்கு உரிமை கோரும் நிறுவனம் எதுவுமில்லை. ஆனால் அவற்றை மின்சாரமாக்கும் பொறிக்கும் கடனுக்கும் ஒப்பந்தத்துக்கும் உரிமையாளர் உளர். மூன்று தீவுகளின் திட்டம் கைமாறிய விதம் அதையே காட்டுகின்றது. அடுத்த ஒப்பந்தம் எந்தத் தலைநகருடன் கையெழுத்தானாலும், அதன் நிபந்தனைகள் தமிழிலும் வெளியிடப்பட்டு, தீவகத்தின் பிரதேச சபைகளிலும் கடற்றொழிலாளர் சங்கங்களிலும் முன்கூட்டியே விவாதிக்கப்படவேண்டும். அமைச்சராக இருந்தபோது இலங்கரத்ன நிறுவனங்களிடம் கேட்ட கணக்கை, அரசாங்கத்திடம் கேட்பதற்கு இந்தத் தீவுகளின் மக்களுக்கும் உரிமையுண்டு.